நாலு பெட்ரூம் டாட்ஜும் மாமாவின் அம்பாசிடரும்

அபுதாபியிலிருந்து ஹமீம் போகும் சாலையில், பாலைவனத்துக்கு நடுவே பிரமிடு வடிவத்தில் ஒரு கார் மியூசியம். ஷேக் ஹமத் பின் ஹம்தான் அல் நஹ்யானுடையது. கிழமைக்கு ஒரு நிறமாக ஏழு பென்ஸ் வைத்திருப்பவர் என்பதால் 'ரெயின்போ ஷேக்' என்றே பெயர். (எனக்குக் கிழமைக்கு ஒரு சட்டைகூடத் தேறாது.) விசிட் விசாவில் வந்த மாமாவை அங்கே கூட்டிப் போனேன். மதுரையில் காலமெல்லாம் அம்பாசிடர் டாக்சி ஓட்டியவர். புர்ஜ் கலீஃபாவையே "ஒசரந்தான்" என்று முடித்துவிட்டவர்.

அவரை நிறுத்தி வைத்தது டாட்ஜ் பவர் வேகன். அசல் வண்டி 1946-ல் வந்தது. உலகப்போரில் உழைத்த ராணுவ டிரக்கின் தம்பி. ஆறு சிலிண்டர், 3.8 லிட்டர், 94 குதிரைசக்தி. சவூதியில் அராம்கோ எண்ணெய் தேடி மணலில் அலைந்த காலத்தில் கூடவே அலைந்தது. அந்த நன்றிக்கோ என்னவோ, ஷேக் அதை நீள, அகல, உயரத்தில் நாலு நாலு மடங்காகக் கட்டிவிட்டார். கணக்குப் போட்டால் 64 மடங்கு. உள்ளே நாலு படுக்கையறை. ஓடவும் செய்யும்.

"இதை வாடகைக்கு விட்டா என்னப்பா கிடைக்கும்?" என்றார் மாமா. முசஃபாவில் பார்ட்டிஷன் ரூமில் காலம் தள்ளும் எனக்கும் அதே யோசனைதான்.

"சரி, எத்தனை பேரு போலாம்?"

இங்கேதான் அம்பாசிடர் ஜெயித்தது. இஞ்சின் 1,489 சிசி. ஆர்.சி. புக்கில் என்ன எழுதியிருந்தாலும் முகூர்த்த நாளில் பதினோரு பேர் ஏறுவார்கள். குத்துவிளக்கும் சீர்த்தட்டும் தனி. கியர் ஸ்டியரிங்கை ஒட்டி இருந்ததால் முன்சீட்டிலேயே நாலு பேர். மாமா பாதி உடம்பைக் கதவுக்கு வெளியே வைத்துக்கொண்டு, "அண்ணே, முழங்காலைக் கொஞ்சம்..." என்று சொல்லித்தான் கியர் போடுவார். கொடைக்கானல் மலையில் ரேடியேட்டர் கொதித்தால் பதினோரு பேரும் இறங்கித் தண்ணீர் தேடுவார்கள். ஆளுக்குப் பஞ்சமே கிடையாது.

இந்த டாட்ஜிலோ நாலு பெட்ரூம் இருந்தும் ஒரு சித்தப்பாகூட இல்லை.

மாமா தன்னைவிட உயரமான டயரைத் தட்டிப் பார்த்தார். பக்கத்தில் நின்ற மலையாளிப் பையனைக் கூப்பிட்டார்.

"தம்பி, இது பஞ்சரானா ஜாக்கியை எங்க போடுவாங்க?"

அவன் சிரித்தான். மாமா சிரிக்கவில்லை. தொழில் கேள்விக்குப் பதில் வராமல் அவர் நகர மாட்டார் என்பது எனக்குத் தெரியும். பக்கத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.