எழுதுறது கெடக்கட்டும் மாப்ளே, சாப்ட்வேரைப் பாரு

மாப்ளே, நீ செய்யுத காரியம் ரொம்பச் சரி. சிம்பொனி எழுதணும்னு தீர்மானிச்சவன் உடனே அதை எழுத உக்காந்திரக் கூடாது. அது அவசரக்குடுக்கை செய்யுத வேலை. எந்த நோட்டேஷன் சாப்ட்வேர்ல எழுதினா நல்லாருக்கும்னு முதல்ல ஒப்பிட்டுப் பாக்கணும். பொங்கலுக்கு ஆரம்பிச்சே, ஆடியும் பொறந்தாச்சு. பரவாயில்ல, நிதானமாவே பாரு. சந்தையில மாட்டுக்குச் சுழி பாக்கவன் மாதிரி ஒவ்வொண்ணையும் சுத்திச் சுத்தி வா. வாங்கிட்டா உழணும்லா?

உங்கம்மா இருக்காளே, என் தங்கச்சி, அவ பெருமையாச் சொல்லுதா: "அண்ணே, புள்ள ராப்பகலா கம்ப்யூட்டர் முன்னாலதான் கெடக்கான், என்னமோ பெரிசா எழுதுதான் போல." நான் காட்டிக் குடுக்கல. நீ எக்செல்ல கட்டம் போட்டு வச்சிருக்கதைப் பாத்தேன். அஞ்சு சாப்ட்வேர், நாப்பது அம்சம், பச்சையில டிக்கு, சிவப்புல இன்ட்டு. கண்ணுல ஒத்திக்கலாம். அம்புட்டு கட்டத்துலயும் நீ எழுதின பாட்டு எத்தனை பார்னு மட்டும் ஒரு கட்டம் இல்ல.

நான் பட்டிக்காட்டான். கோடம்பாக்கத்துல கொஞ்ச காலம் கிளாரினெட் ஊதி, ஊதாத நேரத்துல அடுத்தவங்களுக்கு நோட்ஸ் காப்பி எழுதிப் பொழச்சவன். எனக்குக் கம்ப்யூட்டர் என்ன தெரியும்? தெரியாதவன் சொல்லுததுதானேன்னு நாலு வார்த்தை காதுல வாங்கிக்கோ.

முதல்ல சிபெலியஸ். உனக்கு அம்புட்டுப் பொருத்தம். அந்தப் பேருக்குச் சொந்தக்காரர் பின்லாந்துல இருந்த பெரிய கம்போஸர். 1926-ல் ‘தப்பியோலா’ எழுதினார். அதுக்கப்புறம் 1957-ல் சாகிற வரைக்கும் பேர் சொல்லும்படியா எதையும் வெளிய விடல. எட்டாவது சிம்பொனியை அடுப்புல போட்டு எரிச்சிட்டாருன்னு சொல்லுவாங்க. அவர் கடைசி முப்பது வருஷம் எழுதல, நீ முதல் முப்பது வருஷம் எழுதல. சின்ன வித்தியாசம் என்னன்னா, அவர் சும்மா இருக்கதுக்கு முன்னால ஏழு சிம்பொனி எழுதி முடிச்சிருந்தார்.

சாப்ட்வேரை உண்டாக்கினது இங்கிலாந்துல பென் ஃபின், ஜோனதன் ஃபின்னு ரெட்டைப் பிள்ளைக. 1993-ல் ஏகார்ன்னு ஒரு பிரிட்டிஷ் கம்ப்யூட்டருக்கு மட்டுந்தான் வந்தது. இதுக்காகவே அந்தக் கம்ப்யூட்டரை வாங்கினவங்க உண்டு. பின்னால விண்டோஸ், மேக் எல்லாத்துக்கும் வந்து உலகம் பூரா பரவிச்சு. 2006-ல் ஏவிட் கம்பெனி வாங்கிச்சு. 2012-ல் லண்டன் ஆபீசை மூடி, சாப்ட்வேரை வளத்தவங்களையே வீட்டுக்கு அனுப்பிச்சு. பேரை மட்டும் வச்சுக்கிட்டு வேற ஆளுகளை வச்சு நடத்துதாங்க. குறை சொல்ல மாட்டேன், இன்னைக்கும் எத்தனையோ சினிமாக்காரங்க, வாத்தியார்மாரு இதுலதான் எழுதுதாங்க. ஆனா பெரும்பாலும் சந்தா. சந்தா கட்டிட்டு எழுதாம இருக்கதுக்கு மாசாமாசம் செலவாகும். ஓசியில எழுதாம இருக்கது எவ்வளவோ மேல்.

வீட்டுக்குப் போனவங்க வாயில விரலை வச்சுக்கிட்டா இருந்தாங்க? டேனியல் ஸ்ப்ரெட்பரியும் கூட்டாளிகளும் ஜெர்மனிக்காரன் ஸ்டைன்பெர்க்கோட சேந்தாங்க. பழசுல ஒரு வரியைக்கூடத் தொடாம மொதல்ல இருந்து எழுதி, 2016 அக்டோபர்ல டோரிக்கோவை இறக்கினாங்க. இதுல ஒரு விசேஷம் உண்டு. நீ போட்ட சுரத்தை இது பாருக்குள்ள அடைச்சு வைக்காது. நடுவுல ஒரு கிராட்செட்டை, அதான் கால் நோட்டை, சொருகு, பின்னால உள்ளது பூரா நகந்து குடுக்கும். பார் கோட்டைத் தாண்டுத சுரத்தைத் தானே ரெண்டா வெட்டி, மேல டை போட்டு வரைஞ்சிரும். நாலு கிராட்செட் தாளத்தை மூணுன்னு மாத்தினாலும் அப்படித்தான். ஒரு ஆளே புல்லாங்குழலும் பிக்கலோவும் மாத்தி மாத்தி வாசிப்பார்னா, அது ஒரு ஆளுன்னே அதுக்குத் தெரியும். ஆர்கெஸ்ட்ராவுல உக்காந்து பாத்தவன் மூளையில உதிச்ச யோசனை அது. முழு வெர்ஷனுக்கு நல்ல விலை உண்டு. கொஞ்ச வாத்தியத்துக்கு மட்டும் எழுதுத மாதிரி ஓசி வெர்ஷனும் குடுக்கான்.

ஃபினாலே இருந்துச்சே, அதை உன் கட்டத்துல இன்னும் வச்சிருக்கே பாரு, அந்த விசுவாசத்தை மெச்சணும். 1988-ல் வந்தது. அமெரிக்காவுல எத்தனையோ பதிப்பகம் அதுலதான் நோட்ஸ் அச்சடிச்சிட்டு இருந்தது. ஸ்லர் தொட ஒரு டூல், ஃபோர்டே போட ஒரு டூல், பாரைத் தொட ஒரு டூல். ஆனா அதை வசப்படுத்தினவன் எதை வேணும்னாலும் எங்க வேணும்னாலும் வரையலாம். 2024 ஆகஸ்ட் 26-ந் தேதி மேக்மியூசிக் கம்பெனி ஒரு கடுதாசி போட்டுச்சு: முப்பத்தஞ்சு வருஷம் ஆச்சு, இனி வளக்கப் போறதில்ல, 149 டாலர் குடுத்து டோரிக்கோவுக்குப் போயிருங்க. ஒரு வருஷத்துக்கு அப்புறம் புதுக் கம்ப்யூட்டர்ல ஏத்த முடியாதுன்னுகூட முதல்ல சொன்னாங்க. ஜனங்க கூப்பாடு போட்ட பிறகுதான் அதை வாபஸ் வாங்கினாங்க. முப்பது வருஷம் பக்கம் பக்கமா எழுதினவன் எல்லாம் தலையில கை வச்சான். உனக்கு அந்த நட்டம் கிடையாது.

லில்லிபாண்டுன்னு ஒண்ணு இருக்கு. 1996-ல் ரெண்டு டச்சுக்காரப் பையன்க ஆரம்பிச்சது, முழுக்க இலவசம். பழைய ஐரோப்பியக் கைவினைஞர்க உலோகத் தகட்டுல வெட்டின நோட்ஸு அழகை கம்ப்யூட்டர்ல கொண்டு வரணும்னு பிடிவாதம். கொண்டும் வந்துட்டாங்க. ஆனா திரையில அஞ்சு கோடு இருக்காது. எழுத்துலதான் அடிக்கணும். சிங்கிற எழுத்தும் பக்கத்துல 4-ம் அடிச்சா கிராட்செட். சி ஷார்ப்புக்கு ‘சிஸ்’, பி ஃபிளாட்டுக்கு ‘பெஸ்’னு டச்சுக்காரன் வழக்கு. எல்லாத்தையும் அடிச்சு, ஓட விட்டு, பிடிஎஃப் வந்த பிறகுதான் என்ன எழுதினோம்னு தெரியும். ஒரு கொக்கி விட்டுப் போச்சுன்னா ஒண்ணுமே வராது. பாட்டு எழுதாம ப்ரோக்ராம் எழுதிக்கிட்டே வயசைக் கழிக்க ஆசையிருந்தா இதைவிட மேலான வழி எனக்குத் தெரியல.

இப்ப மியூஸ்ஸ்கோர். வெர்னர் ஷ்வேர்னு ஒரு ஜெர்மன்காரர் 2002-ல் ஆரம்பிச்சு வச்சது. காசு வேண்டாம், சோர்ஸ் கோடும் திறந்து கெடக்கு, யாரும் பாக்கலாம், திருத்தலாம். இதுல ஒரு கதை கேளு. மார்ட்டின் கியரின்னு ஒருத்தர், யூடியூப்ல டான்டக்ரல்ங்கிற பேர்ல, மியூஸ்ஸ்கோரைக் கிழி கிழின்னு கிழிச்சு வீடியோ போட்டார். பொத்தான் இங்க இருக்கு, அது அங்க இருக்கு, இது எதுக்குன்னு தெரியலன்னு. அவங்க கோவப்படல. ஆளைக் கூப்பிட்டு, நீரே வந்து திருத்தும்யான்னு வேலை குடுத்துட்டாங்க. 2022 டிசம்பர்ல நாலாம் பதிப்பு வந்தது, ஆளே மாறிப் போச்சு. நீயும் பொங்கல்ல இருந்து குறை சொல்லுதே. ஒருத்தனும் கூப்பிடல.

ஒண்ணு மட்டும் கவனி. சாப்ட்வேர் வேற, அதே பேர்ல அச்சு நோட்ஸ் விக்கிற வெப்சைட்டு வேற. வெப்சைட்டு கார்டு நம்பர் கேக்கும், சாப்ட்வேர் கேக்காது. குழப்பம் வேண்டாம்னுதான் 2024-ல் சாப்ட்வேருக்கு மியூஸ்ஸ்கோர் ஸ்டூடியோன்னு பேரை நீட்டினாங்க. நீட்டின பிறகும் குழம்புறவங்க குழம்பத்தான் செய்யுதாங்க.

அதுல கூட வர்ற வாத்தியச் சத்தம் இருக்கே, அதுதான் உன்னைக் கெடுக்கும். ஓசியில கெடைக்கிற ஆர்கெஸ்ட்ரா, கேட்டா மெய்மறந்து போகும். நீ ஹார்னுக்குப் பன்னெண்டு பார் இழுத்து ஒரு சுரம் போட்டிருப்பே, மெஷின் அசராம ஊதும். மெஷினுக்கு நுரையீரல் கிடையாது, உதடும் மரத்துப் போகாது. கிளாரினெட் எட்டாத சுரத்தைப் போட்டா மட்டும் மியூஸ்ஸ்கோர் அந்தச் சுரத்தைச் சிவப்பாக் காட்டும். கத்துக்குட்டிக்கு எட்டாது, தேர்ந்தவனுக்கு எட்டும்னா வேற நிறம். மூச்சுக்கு நிறம் காட்டுத சாப்ட்வேர் இன்னும் வரல. அதை நீதான் பாக்கணும். நீ எழுதின ஹார்ன் வரியை வாயால பாடிப் பாரு, எங்க செத்துப் போறேன்னு தெரிஞ்சிரும்.

உன் கட்டத்துல நாப்பது அம்சம் இருக்கே, பார்ட்டுன்னு ஒரு வரி உண்டா? ஸ்கோர் கண்டக்டருக்கு. வாசிக்கிறவன் கையில இருக்கது பார்ட்டு, அவன் வாத்தியத்துக்கு மட்டும் பிரிச்செடுத்தது. நாங்க இங்க் பேனாவுல காப்பி எழுதின காலத்துல, சுரம் சரியா இருக்கான்னு பாக்கதுக்கு முன்னால பக்கம் எங்க முடியுதுன்னுதான் பாப்போம். வயலின்காரங்க ஸ்டாண்டுக்கு ரெண்டு பேர். உள்பக்கம் இருக்கவர் வில்லை நிறுத்திட்டுப் பக்கத்தைத் திருப்பணும். அந்த நேரத்துல பாதி வயலின் சத்தம் போயிரும். வலதுபக்கத்துக் கடைசி வரி முடியுத எடத்துல ஓய்வு வரணும், இல்லாட்டி அங்க வர்ற மாதிரி வரிகளை நெருக்கியோ தள்ளியோ எழுதணும். முடியாதுன்னா கீழ வி.எஸ். போட்டு, சீக்கிரம் திருப்புன்னு எச்சரிக்கை வைக்கணும். இந்தச் சாப்ட்வேர்க பார்ட்டை நிமிஷத்துல பிரிச்சுக் குடுக்குது, மறுக்கல. பக்கம் வேகமான ஓட்டத்துக்கு நடுவுல முடிஞ்சிருக்கும். அதைத் திருத்துத வேலை எல்லாத்துலயும் மனுசனுக்குத்தான். டோரிக்கோவுல கொஞ்சம் லேசு.

அடுத்தது என் கிளாரினெட். பி ஃபிளாட் கிளாரினெட்ல சி கேக்கணும்னா டி எழுதணும். வாத்தியம் ஒரு முழுச் சுரம் எறங்கி ஒலிக்கும். மியூஸ்ஸ்கோர்ல கான்சர்ட் பிட்ச்னு ஒரு பொத்தான் இருக்கு. அதை அமுக்கினா எல்லாம் ஒலிக்கிறபடி தெரியும், எழுத லேசா இருக்கும். அந்தப் பொத்தான் அமுங்கினபடியே பார்ட்டை அச்செடுத்தேன்னா, கிளாரினெட்காரன் தாள்ல உள்ளதை உள்ளபடி ஊதுவான், ஆர்கெஸ்ட்ரா பூரா ஒரு சுரத்துல இருக்கும்போது அவன் மட்டும் ஒரு சுரம் தாழ இருப்பான். எல்லாரும் அவனைத் திரும்பிப் பாப்பாங்க. அந்தப் பார்வையை நான் வாங்கியிருக்கேன், தப்பு எழுதினவன் பண்ணினது. டோரிக்கோவுல ஸ்கோர் எப்படி இருந்தாலும் பார்ட்டு தானாவே மாத்தி வரும். இதுக்கு உன் கட்டத்துல ரெண்டு பச்சை டிக்கு போடலாம்.

நம்ம ராகத்துக் கமகத்தைக் காட்ட ஒரு சாப்ட்வேருக்கும் துப்பில்ல, அதான் தள்ளிப் போடுதேன்ங்கே. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம். 1890-கள்ல சென்னையில சின்னசாமி முதலியார்னு ஒருத்தர் கர்நாடகக் கீர்த்தனைகளை ஐரோப்பிய அஞ்சு கோட்டுல எழுதி அச்சுப் போட்டார். நம்ம எட்டயபுரத்துல சுப்பராம தீட்சிதர் 1904-ல் ‘சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி’யை வெளியிட்டார். கமகத்துக்கு அடையாளம் அடையாளமா அதுல போட்டு வச்சிருக்கார். அவங்ககிட்ட எந்த வெர்ஷன் இருந்தது? தோடியில காந்தாரம் ரிஷபத்துக்கும் மத்திமத்துக்கும் நடுவுல ஊஞ்சலாடும். அதை எழுதி லண்டன் வயலின்காரனுக்குப் புரிய வைக்கணும்னா ஒரு நெளிகோடு போடு, பக்கத்துல நின்னு பாடிக் காட்டு. இளையராஜா இன்னும் கையாலதானே எழுதுதார்னு நீ மடக்குவே. எழுதுதார், வாஸ்தவம். தன்ராஜ் மாஸ்டர்கிட்ட படிச்ச படிப்பும், ஆயிரத்துக்கு மேல படமும் கையில இருக்கு. அவர் பேரைச் சொல்லி நீ பேனாவைத் தேடப் போனா, அடுத்த ஆறு மாசம் பேனா ஒப்பிடுவே.

எதுல எழுதினாலும் ஒரு காரியம் மறக்காதே. ஃபைலை அந்தச் சாப்ட்வேரோட பாஷையில மட்டும் வைக்காதே. வாராவாரம் ஒரு மியூசிக்எக்ஸ்எம்எல், ஒரு பிடிஎஃப் எடுத்து வை. மைக்கேல் குட்னு ஒரு அமெரிக்கர் உண்டாக்கின பொதுப்பாஷை அது. 2004-ல் வந்தது. 2015-ல் இருந்து டபிள்யூ3சிங்கிற பொது அமைப்போட குழு பாத்துக்குது. ஒரு சாப்ட்வேர்ல இருந்து இன்னொண்ணுக்குச் சுரம், தாளம், பாட்டு வரி எல்லாம் போகும். பக்க அழகு போகாது, அதைத் திரும்பச் செய்யணும். சுரம் தப்பிச்சாப் போதும். ஃபினாலேக்காரங்கள்ல அப்படி எடுத்து வச்சிருந்தவங்க மத்தவங்களைவிட நல்லாத் தூங்கினாங்க.

சரி, நீ கேட்டதுக்குப் பதில். இன்னைக்கு மியூஸ்ஸ்கோரை இறக்கு, பணம் வேண்டாம். என்னைக்காவது நிஜ ஆர்கெஸ்ட்ரா ஒண்ணு உங்கிட்ட, தம்பி நாப்பது பார்ட்டு வேணும், வெள்ளிக்கிழமை ரிகர்சல்னு கேட்டா, அன்னைக்கு டோரிக்கோ வாங்கு. பணம் நான் தாரேன், சத்தியம். கேக்காதவரைக்கும் என் பணம் பத்திரம். சிபெலியஸ் ஏற்கெனவே தெரிஞ்சவனுக்கு நல்லது, உனக்குத் தெரியாது. லில்லிபாண்டு பக்கம் போகாதே, திரும்ப மாட்டே. எக்செல் ஃபைலை அழிச்சிரு.

ஞாயித்துக்கிழமைக்குள்ள பதினாறு பார் எழுதி எனக்கு அனுப்பு. கிளாரினெட் பார்ட்டைத் தனியாப் பிரிச்சு, டிரான்ஸ்போஸ் பண்ணி அனுப்பு. ஊதிப் பாத்துட்டுத்தான் பேசுவேன்.