ஓசியில உழைக்கிற கழுவெளி

ஏண்டா பேராண்டி, பட்டணத்தைப் புதுப்பிக்கிற ஆபீசுல உன்னைச் சேத்துக்கிட்டாங்களாமே! இயற்கையை வெச்சே ஊரைச் சீர்பண்ணப் போறீங்கன்னு உங்கம்மா பெருமையா சொன்னா. நல்லது. கிழவன் புத்தியும் கொஞ்சம் கேட்டுக்க.

பள்ளிக்கரணை கழுவெளியைப் பாத்திருப்பே. தெக்கத்தி ஏரிங்க கலங்கல் வழிஞ்சா தண்ணி அங்கதான் வந்து சேரும். கோரையும் சேறும் அதைப் புடிச்சு வெச்சு, ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய் வழியா நிதானமா கோவளத்துல கடலுக்கு அனுப்பும். மோட்டார் இல்ல, டீசல் இல்ல, பில்லும் இல்ல. ஓசியில உழைக்கிறவனை எவன் மதிப்பான்? அதான் ஒரு பக்கம் பெருங்குடிக் குப்பையைக் கொட்டி, நடுவுல துரைப்பாக்கம் ரோட்டைப் போட்டு மரியாதை செஞ்சோம். 2022-ல ராம்சார்ங்கிற உலக ஈரநிலப் பட்டியல்ல ஏறினப்புறம்தான் அது சதுப்பு நிலம்னு பாதிப் பேருக்குத் தெரிஞ்சுது.

நீ அவசரப்பட்டு மிச்சத்தை மீட்டுடாதே, சாமி. 2015 வெள்ளத்துல சென்னைத் தெருவுல படகு விட்டோம். 2019-ல ஜோலார்பேட்டையிலேருந்து ரயில்ல தண்ணி கொண்டாந்தோம். நாலே வருஷத்துல ரெண்டையும் பாக்குற பாக்கியம் எந்த ராசாவுக்குக் கெடைச்சுது? ஏரி ரொம்பிக் கெடந்தா தண்ணி லாரிக்காரன் பொழப்பு என்னாவறது?

மரம் வைப்பீங்களாம். வையுங்க. அடிமரத்தை ஒட்டி பேவர் பிளாக் பதிச்சு, சந்துல சிமென்ட்டு பூச மட்டும் மறந்துடாதீங்க. உங்க தெரு வேம்பைப் பாத்தேன். பட்டை கல்லு மேல பிதுங்கி நிக்குது. எதுத்த வீட்டு மாடிக் குழாய் மழைத்தண்ணியை அதே கல்லு மேலதான் கொட்டுது. சொட்டுக்கூட வேருக்குப் போகாம சாக்கடைக்கு ஓடுது. 2003-ல வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்புன்னு கட்டாயப்படுத்துனாங்களே, குழாய் சட்டப்படி இருக்கு, குழியைத்தான் காணோம். வேரு பரவ மண்ணு குடுக்காம வெச்சிருந்துட்டு, 2016-ல வர்தா புயல் வந்தப்போ மரமெல்லாம் சாஞ்சுடுச்சேன்னு அழுதீங்க பாரு, அதுதான் எனக்குப் புடிச்சுது.

அப்புறம், மாடு மேய்க்கிறவன், மீன் புடிக்கிறவன் எவனையும் கேட்டுத் தொலைக்காதே. தண்ணி எந்தப் பக்கம் போவும்னு டீக்கடையிலேயே சொல்லிட்டான்னா கன்சல்டன்ட்டுக்கு என்ன மிச்சம்?

அது கெடக்கட்டும். உன் பேருல அந்தக் கழுவெளிப் பக்கம் ஒரு மனைக்கு உங்கப்பன் அட்வான்சு குடுத்திருக்கானாம். இந்தா பத்திர நகல். சர்வே நம்பருக்குக் கீழ என்னமோ ஏரின்னு போட்டிருக்காப்பல தெரியுது. கொஞ்சம் சத்தமா படிடா, எனக்குக் கண்ணு செரியாத் தெரியல.