பட்டியலில் இல்லாத இறால்: மதுரங்குளிச் சாப்பாட்டுக் கடைகளை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

உல்லாசக் கப்பலில் ஏறியவரானாலும் சரி, மன்னார் பஸ்ஸில் ஏறியவரானாலும் சரி, பயணி எனப்படுபவர் பட்டியலில் உள்ளதை விட்டுவிட்டு இல்லாததையே கேட்பார். இந்தப் பழக்கத்தின் வரலாறு, வகைகள், அதற்குக் கடைக்காரர் சொல்லும் மறுமொழிகள் ஆகியவற்றை ஆராய்ந்த இக்கட்டுரை, கேட்பவர் பலர், பெறுபவர் ஒருவர் என்ற முடிவுக்கு வருகிறது. அந்த ஒருவர் யார் என்பது ஆறாம் இயலில் தெரியவரும். அவசரமுள்ளவர்கள் பஸ்ஸின் முன் ஆசனத்தை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

1. களம்

பேலியகொடையில் தொடங்கிப் புத்தளத்தில் முடியும் ஏ3 வீதியில், சிலாபமும் முந்தலும் கடந்து, பாலாவிக்கு முன்னால் வருவது மதுரங்குளி. கொழும்பிலிருந்து மன்னாருக்கும் அனுராதபுரத்துக்கும் யாழ்ப்பாணத்துக்கும் போகிற பஸ்களில் பல இந்த வழியாகத்தான் போகின்றன. கல்பிட்டிக்கு டொல்பின் பார்க்கப் போகிறவர், தலவில அன்னம்மாளுக்கு நேர்ச்சை கொண்டுபோகிறவர், உடப்புத் தீமிதிப்புக்கு வடக்கிலிருந்து வருகிறவர் எல்லாரும் இந்த வீதியில் ஏதோ ஓரிடத்தில் இறங்கிக் கைகழுவித்தான் ஆக வேண்டும். மூன்று மொழியும் நான்கு சமயமும் ஒரே கண்ணாடி அலுமாரிக்கு முன்னால் பசியோடு நிற்கும் களம் ஆய்வாளருக்கு எளிதில் வாய்ப்பதில்லை.

'பட்டியல்' என்று இங்கே குறிப்பிடப்படுவது சுவரில் தொங்கும் விலைப்பலகை. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு விலைகள் ஸ்டிக்கருக்கு மேல் ஸ்டிக்கராக ஏறியதில், பலகையில் சாப்பாட்டின் பெயர் மங்கிப்போக, எண்கள் மட்டும் புடைத்து நிற்கின்றன. அதை யாரும் வாசிப்பதில்லை. உண்மையான பட்டியல் பரிமாறும் தம்பியின் வாயில் இருக்கிறது. மேசையை ஈரத்துணியால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, "சோறு, கொத்து, பராட்டா, ரைஸ், நூடில்ஸ்" என்று ஒரே மூச்சில் ஒப்புவித்து, மூச்சு மிச்சமிருந்தால் "வேற?" என்றும் சேர்த்துக்கொள்வார். நாம் ஆராயப்போகும் சிக்கல் முழுவதும் அந்த "வேற?"யில் பிறக்கிறது. அவர் அதைக் கேள்வியாகச் சொல்வதில்லை. மூச்சு விடுவதற்காகச் சொல்கிறார். பயணியோ அதை அழைப்பாக எடுத்துக்கொள்கிறார்.

2. முன்னோடி

இந்தக் கரையில் பட்டியலில் இல்லாததைக் கேட்ட முதற்பயணி யார் என்பதற்கு எழுத்துச் சான்று உண்டு. 1344-இல் மாலைதீவிலிருந்து சோழமண்டலக் கரைக்குப் புறப்பட்ட இப்னு பதூதாவின் கப்பல் காற்றில் திசைமாறி இலங்கைக் கரைக்கு வந்தது. துறைக்குள் போகக் கப்பல்காரருக்குப் பயம். தாம் மதுரைச் சுல்தானின் சகலை என்று சொல்லிக்கொண்டு கரையிறங்கிய பதூதாவை மன்னர் ஆரியச்சக்கரவர்த்தி புத்தளத்தில் வரவேற்றார். நாளுக்கு நாள் உபசாரம் கூடியது. முத்துகளும் கொடுத்தார். கடைசியில், வெட்கப்படாமல் வேண்டியதைக் கேளும் என்றார்.

ஆய்வாளர் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். மன்னரே "வேற?" என்று கேட்டுவிட்டார். பதூதா கேட்டது இன்னும் இரண்டு முத்தை அல்ல. பாவாதமலை உச்சியிலுள்ள பாதச்சுவட்டைப் பார்க்க வேண்டும் என்றார். மன்னருக்கு அது ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. ஒரு பல்லக்கு, அதைத் தூக்க ஆட்கள், வழி தெரிந்த யோகிகள் நால்வர், பிராமணர் மூவர், பரிவாரத்தில் பத்துப் பேர், சாமான் சுமக்கப் பதினைந்து பேர் என்று அனுப்பிவைத்தார். கேட்டதற்கு மேல் கொடுக்கப்பட்ட நிகழ்வாக இப்பிரதேசத்தில் பதிவாகியுள்ளது இது ஒன்றுதான்.

வழியில் மனார் மண்டலி என்றோர் ஊரில் அவர்களுக்கு விருந்து நடந்தது. அவ்வூரை முந்தல் பக்கத்தோடு பொருத்திப் பார்ப்பவர்கள் உண்டு. அது சரியென்றால் விருந்து நடந்த இடம் நம் ஆய்வுக் களத்துக்குப் பக்கத்து ஊர். காட்டில் பிடித்த எருமைக் கன்று, சோறு, நெய், மீன், கோழி, பால் எல்லாம் வந்தன. இவற்றில் எதையும் பதூதா கேட்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். கேட்காதவருக்கு எருமைக் கன்றே வந்தது. அறுநூற்றெண்பது வருடம் கழித்துக் கேட்கிறவருக்கு ஒரு கரண்டி சம்பல் வருவதில்லை. இடையில் என்ன நடந்தது?

3. வகைப்பாடு

கோரிக்கைகளை ஐந்து வகையாகப் பிரிக்கலாம்.

(அ) கழித்தல் வகை. "முட்டைக் கொத்து ஒன்று, முட்டை இல்லாம." வெங்காயம் இல்லாமல், லீக்ஸ் இல்லாமல், காரம் இல்லாமல், எண்ணெய் இல்லாமல் என்று நீளும். தம்பி இதை முழுமையாகக் கேட்டு, அடுப்படியை நோக்கி முழுமையாகக் கத்துவார். கொத்துப் போடுகிறவரின் இரண்டு தகடுகளும் கல்லில் மோதும் சத்தத்தில் அவருக்குப் போய்ச் சேர்வது "கொத்து" என்ற ஒரு சொல் மட்டுமே. வருவது எல்லாம் போட்ட கொத்து.

(ஆ) கூட்டல் வகை. "கொஞ்சம் ஆணம் ஊத்துங்க நானா." பராட்டாவுக்கு வருகிற ஆணம் (குழம்பு) இலவசம் என்பதும், இலவசமானது எப்போதும் போதாது என்பதும் இவ்வகைக்கு அடிப்படை. இதில் மிக நுட்பமானது சம்பல். புத்தளம் மாவட்டம் தென்னை முக்கோணத்தின் ஒரு மூலை. கண் போகும் தூரமெல்லாம் தென்னை நிற்பதால், சம்பல் கேட்பது பிறப்புரிமை என்று பயணி நினைக்கிறார். 2024 முடிவிலும் 2025-இலும் ஒரு தேங்காய் 200 ரூபாயைத் தாண்டியபோதும் அந்த நினைப்பு மாறவில்லை. தென்னைக்குக் கீழே நின்று தேங்காய்ச் சம்பலுக்குக் கையேந்துவது பொருளியலாளர்கள் தனியே ஆராய வேண்டிய விடயம்.

(இ) விரத வகை. தீமிதிப்புக்கோ நேர்ச்சைக்கோ போகிறவர் "மரக்கறி மட்டும்" என்பார். சோறு, பருப்பு, கத்தரிக்காய் வரை பிரச்சினையில்லை. சம்பல் வந்ததும் முகர்ந்து பார்த்துவிட்டு, "இதில மீன் போட்டிருக்கா?" என்பார். "மீன் போடல்ல தம்பி, மாசிதான்" என்று நேர்மையான பதில் வரும். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் அந்தக் கணத்தில் இரண்டு பேரும் உண்மையே பேசியிருக்கிறார்கள்.

(ஈ) நிலக்காட்சி வகை. யன்னலால் பார்த்ததைத் தட்டில் கேட்பது. முந்தல் களப்பையும் டச்சுக் கால்வாயையும் ஒட்டி, 1980களிலிருந்து இறால் பண்ணைகள் பெருகின. 1990களின் நடுவில் வெண்புள்ளி நோய் வந்து பலரைக் கடனில் தள்ளியது. கைவிட்ட குளங்கள் போக மிச்சக் குளங்களில் இன்றும் துடுப்புச் சில்லுகள் நுரையடித்துச் சுழல்கின்றன. பஸ்ஸிலிருந்து அதைப் பார்த்தபடி வந்தவர், இறங்கியதும் கேட்கும் முதற்கேள்வி: "இறால் இருக்கா?" நல்ல இறால் ஐஸ்பெட்டியில் ஏறி ஏற்றுமதிக்கோ கொழும்புக்கோ போய்விடும் என்பதை யன்னல் காட்டுவதில்லை. உப்புக்கும் இதே கதை. உப்பளங்களைத் தாண்டிப் புத்தளத்திலிருந்து வருகிறவர், கறியில் உப்புக் குறைவு என்று குறைப்பட்டுக்கொள்வதில் ஒரு தர்க்கம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் 2025-இல் மழை உப்பைக் கரைத்து, இந்தியாவிலிருந்து கப்பலில் உப்பு இறக்க வேண்டி வந்த நாட்களிலும் அவர் குறைப்பட்டுக்கொண்டுதான் இருந்தார்.

(உ) ஊர் வகை. "எங்கட ஊர்ல இப்படிச் செய்யமாட்டாங்க." தமிழ்நாட்டிலிருந்து வந்தவர் சாம்பார் கேட்பார், யாழ்ப்பாணத்தார் தங்கள் கறித்தூளைக் கேட்பார். இவ்வகையைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்களில் பெரும் பகுதியினர் இந்த மாவட்டத்தில்தான் வந்து தங்கினார்கள். உடுத்த உடுப்போடு வந்தவர்களுக்கு இங்குள்ளவர்கள் இடமும் சோறும் கொடுத்தார்கள். அன்று யாரும் பட்டியலைப் பார்க்கவில்லை. அதன் பிறகு இந்தப் பக்கத்து அடுப்புகளில் மன்னார்க் கைப்பக்குவமும் யாழ்ப்பாணக் கைப்பக்குவமும் கலந்துவிட்டதால், "உங்கட ஊர் முறை" என்று கேட்பவர் முற்றிலும் ஏமாந்துபோவதில்லை.

4. கப்பலோடு ஒப்பீடு

2023 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கையைத் தொட்டுப் போகும் உல்லாசக் கப்பல் சேவை தொடங்கியது. ஆகவே பஸ் பயணியையும் கப்பல் பயணியையும் ஒப்பிடுவதற்கு மயாமி வரை போகத் தேவையில்லை. போனாலும் நட்டமில்லை: 2024 ஜனவரியில் அங்கிருந்து முதற்பயணம் புறப்பட்ட 'ஐகொன் ஒஃப் த சீஸ்' 7,600 பயணிகள் வரை ஏற்றக்கூடியது. இருபதுக்கு மேற்பட்ட சாப்பாட்டு இடங்கள். அதிலும் ஒருவர் உட்கார்ந்து, இரவுக்கு இரவு மாறும் அச்சடித்த பட்டியலை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, தயிர்ச்சோறு கேட்பார்.

வேறுபாடு கேள்வியில் இல்லை, காலத்தில் இருக்கிறது. கப்பலின் சமையலறைக்குச் சாமான் துறைமுகத்திலேயே ஏறிவிடும். நடுக்கடலில் கறிவேப்பிலைக்கு ஆள் அனுப்ப முடியாது. ஆகவே பல கப்பல்களில் தலைமைப் பரிமாறுநரிடம் முதல்நாள் இரவே சொல்லிவைத்தால், மறுநாள் இரவு ஒரு பருப்பும் கோழிக்கறியும் வரும். நோய்க்கான பத்தியம் என்றால் பயணச்சீட்டு எடுக்கும்போதே சொல்ல வேண்டும். அதாவது கப்பல், ஆசையைக் கோப்பில் ஏற்றி ஒரு நாள் ஆற வைக்கிறது. மதுரங்குளியில் பஸ் நிற்பது கால்மணி, போனால் இருபது நிமிடம். இதிலிருந்து பிறக்கும் முதல் விதி: பட்டியலில் இல்லாத பண்டத்தைச் சமைக்கத் தேவைப்படும் நேரம், வண்டி நிற்கும் நேரத்தைவிட எப்போதும் ஐந்து நிமிடம் அதிகம்.

இரண்டாம் விதி காசைப் பற்றியது. கப்பலில் சாப்பாட்டுக்கும் சேர்த்தே காசு கட்டியாயிற்று. ஆகவே கேட்காவிட்டால் நட்டம் என்று கேட்கிறார். பஸ்ஸில் சாப்பாட்டுக்கு இனித்தான் காசு. ஆகவே கேட்டால் இலாபம் என்று கேட்கிறார். இரண்டு கணக்கும் ஒரே விடைக்கு வருகின்றன.

5. மறுமொழிகள்

இந்த வீதியில் "இல்லை" என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. முதல் மறுமொழி, "இப்பதான் முடிஞ்சி." பத்து நிமிடம் முந்தி வந்திருந்தால் கிடைத்திருக்கும் என்ற ஆறுதலும், பிந்தி வந்தது உன் பிழை என்ற குறிப்பும் அதில் அடங்கியுள்ளன. இரண்டாவது, "போட்டுத் தரலாம், பத்து நிமிசம் போகும்." சொல்லும்போதே தம்பியின் கண் வெளியே நிற்கும் பஸ்ஸுக்குப் போய்வரும். மூன்றாவது, ஒன்றும் சொல்லாமல் ரோல்ஸும் கட்லட்டும் பற்றிஸும் அடுக்கிய தட்டைக் கொண்டுவந்து நடுவில் வைப்பது. கேட்டவர் இரண்டு ரோல்ஸை எடுத்துவிட்டால் கேள்வி தானாகவே வாபஸாகிவிடும். எழும்பும்போது தட்டில் குறைந்ததை எண்ணிக் காசு. இம்மூன்றாவது முறையைக் கப்பல் நிறுவனங்கள் இன்னும் கண்டறியவில்லை.

6. பெறுபவர்

இதுவரை சொன்னதிலிருந்து, பட்டியலில் இல்லாதது கடையில் இல்லை என்று முடிவு செய்தால் அது பிழை. இருக்கிறது. கண்ணாடி அலுமாரிக்குப் பின்னால், காசு மேசைக்குப் பக்கத்தில், மற்ற மேசைகளுக்கு இல்லாத மேசைவிரிப்போடு ஒரு மேசை உண்டு. அங்கே டிரைவரும் கொண்டக்டரும் உட்காருவார்கள். அவர்களிடம் யாரும் "வேற?" என்று கேட்பதில்லை. கேட்காமலே பெரிய துண்டு மீன்பொரியல், தனிக் கிண்ணத்தில் ஆணம், இரண்டாம் தடவை சம்பல், சில நாட்களில் சிவக்க வதக்கிய இறாலும் வரும். சம்பலுக்கு மாசி வேண்டுமா வேண்டாமா என்பது அவர்கள் வாய் திறக்குமுன் தெரிந்திருக்கும். பில் வராது. இது தானமும் அல்ல, கள்ளத்தனமும் அல்ல: ஐம்பது பேரை எந்தக் கடை வாசலில் இறக்குவது என்று முடிவு செய்பவருக்குக் கட்டும் கூலி.

கப்பலுக்குப் போனால் இதுவே கீழ்த்தளத்தில் நடக்கிறது. பிலிப்பைன்ஸ், இந்தியா, இந்தோனேசியா என்று பல நாட்டு மாலுமிகளுக்காகப் பணியாளர் உணவுக்கூடத்தில் நாள்தோறும் சோறும் கறியும் வேகின்றன. மேல்தளத்தில் ஒருவர் ஒரு நாள் முன்னதாகச் சொல்லிக் காத்திருக்கும் பருப்புக்கறி, நாலு தளத்துக்குக் கீழே சும்மா கொதித்துக்கொண்டிருக்கும்.

பதூதாவின் புதிரும் இத்துடன் அவிழ்கிறது. அவர் வெறும் பயணியாக வந்து இறங்கவில்லை. மதுரைச் சுல்தானின் சகலை. அவரைக் கவனித்தால் எதிர்க்கரையோடு உறவு, கவனிக்காவிட்டால் எதிர்க்கரையில் கெட்ட பெயர். எத்தனை கப்பல் இந்தத் துறைக்கு வரும், வராது என்பதில் அவர் சொல்லுக்கு எடை இருந்தது. ஆரியச்சக்கரவர்த்தி உபசரித்தது பயணியை அல்ல, டிரைவரை.

7. முடிவும் பரிந்துரைகளும்

பட்டியலுக்கு வெளியே உள்ள உணவு, பசித்தவருக்கும் போவதில்லை, காசு கட்டியவருக்கும் போவதில்லை. ஆட்களைக் கொண்டுவருகிறவருக்குப் போகிறது. இது நிறுவப்பட்டபடியால், பின்வரும் பரிந்துரைகள் முன்வைக்கப்படுகின்றன.

ஒன்று: பரிமாறும் தம்பிமார் "வேற?" என்ற சொல்லைக் கைவிட்டு, அந்த மூச்சை வேறு வழியில் விட வேண்டும்.

இரண்டு: விரதக்காரருக்கு மாசி மீனா இல்லையா என்ற வழக்கை உலமாக்களும் குருக்களும் கூடித் தீர்த்துவைக்க வேண்டும், அதுவரை சம்பல் தனிக் கோப்பையில் வரட்டும்.

மூன்று: ஆணம் கூடக் கேட்பதைத் தடுக்கக் கூடாது. தடுத்தாலும் நிற்கப்போவதில்லை.

நான்கு: மதுரங்குளியில் இறால் சாப்பிட்டே தீர வேண்டும் என்பவர்கள் தம்பியிடம் கேட்டுப் பயனில்லை. அவர்கள் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்துக்குப் போய், கனரக வாகன அனுமதிப்பத்திரத்துக்கு விண்ணப்பிக்கலாம்.