மாமாவைக் கேளுங்கள்: பக்கத்து வீட்டுப் பிள்ளை

கே: ஆட்டிசம் உள்ள பக்கத்து வீட்டுப் பையன் பொழுதன்னைக்கும் தகரத்தைத் தட்டுகிறான். நிம்மதியே போச்சு!
(வாசகி, மன்னவனூர்)

ப: நீங்கள் சுவருக்கு இந்தப் பக்கம். அவன் அம்மா அந்தப் பக்கம். யாருக்கு நிம்மதி கம்மி என்று கணக்குப் போட்டுவிட்டு அடுத்த கடிதம் எழுதுங்கள்.

கே: நாலு சாத்து சாத்தினால் சரியாகிவிடாதா? எங்களை அப்படித்தானே வளர்த்தார்கள்?
(வாசகர், கவுஞ்சி)

ப: பலன்தான் கண்ணெதிரே தெரிகிறதே, ஊரார் பிள்ளையை அடிக்க யோசனை சொல்கிறீர்கள்! 2009 கல்வி உரிமைச் சட்டம் வாத்தியார் கைப் பிரம்பையே பிடுங்கிவிட்டது. உங்களுக்கு யார் கொடுத்தது?

கே: 'எல்லாம் வளர்ப்புக் கோளாறு, தாய்க்காரிதான் காரணம்' என்கிறார் என் மாமியார்.
(வாசகி, பூம்பாறை)

ப: மாமியாருக்கு அமெரிக்காவில் ஒரு கூட்டாளி இருந்தார். பிள்ளையின் ஆட்டிசத்துக்குப் பெற்றவளின் பாசக் குறைவே காரணம் என்று புருனோ பெட்டல்ஹைம் 1967-இல் தடிப் புத்தகமே போட்டார். அந்தக் கொள்கை செத்து வெகுகாலம் ஆயிற்று. உங்கள் வீட்டில்தான் இன்னும் கருமாதி நடக்கவில்லை.

கே: தடுப்பூசியால்தான் ஆட்டிசம் என்று வாட்ஸ்அப்பில் வந்ததே?
(வாசகர், பூண்டி)

ப: 1998-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த கட்டுரையின் வாரிசு அது. 2010-இல் இதழே அதைத் திரும்பப் பெற்றது. எழுதிய ஆண்ட்ரூ வேக்ஃபீல்டின் மருத்துவர் பதிவும் அதே ஆண்டு பறிபோனது. பொய் அன்றைக்கே மலையேறிவிட்டது. மறுப்பு இன்னும் வத்தலக்குண்டில் பஸ்ஸுக்கு நிற்கிறது.

கே: காட்டுமாட்டை விரட்ட வெடி போட்டால் எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் காதைப் பொத்திக்கொண்டு அலறுகிறான். நடிப்போ?
(வாசகர், கிளாவரை)

ப: உங்களுக்குத் தோட்டத்தில் வெடி. அவனுக்கு மண்டைக்குள் வெடி. போடுமுன் அவன் வீட்டில் ஒரு குரல் கொடுங்கள். காட்டுமாட்டுக்குத்தான் முன்னறிவிப்பு ஆகாது.

கே: அடிக்கடி வீட்டைவிட்டு ஓடிவிடுகிறானே?
(வாசகர், மன்னவனூர்)

ப: பழத்துக்குக் கோபித்துக்கொண்டு வந்த பிள்ளைக்குக் கோயில் கட்டிய மலை ஐயா இது! ஆனால் ஒன்று: ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகளுக்குத் தண்ணீர் என்றால் தீராத ஈர்ப்பு. காணோம் என்றால் டீக்கடையில் துப்புத் துலக்காதீர்கள். முதலில் ஏரிக்கரைக்கு ஓடுங்கள்.

கே: ஊரே அவனைப் 'பைத்தியம்' என்கிறது. நானும் சொன்னால் என்ன?
(வாசகர், கும்பூர்)

ப: 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பிரிவு 92. பலர் பார்க்க வேண்டுமென்றே இழிவுபடுத்தினால் 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை, அபராதம் தனி. மொட்டை போட்டுக் காது குத்திப் பேர் வைத்தால்கூட இவ்வளவு செலவாகாது.

கே: எங்கேயாவது கொண்டுபோய்க் கட்டிவைத்தால் சரியாகுமாமே?
(வாசகர், குண்டுப்பட்டி)

ப: ஏர்வாடி, 2001 ஆகஸ்ட் 6. சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேரைத் தீ தின்றது. 2017 மனநலச் சட்டத்தில் சங்கிலிக்கே தடை. இதற்கு மாமாவிடம் நக்கல் கிடையாது.

கே: பின்னே யாரிடம்தான் காட்டுவது?
(வாசகி, பூண்டி)

ப: அரசுப் பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் வரும் ஆர்.பி.எஸ்.கே. மருத்துவக் குழு 18 வயது வரை இலவசமாகப் பார்க்கும். மேல்சிகிச்சைக்கும் அனுப்பும். வீட்டிலிருந்தே பேச டெலி மானஸ் மனநல உதவி எண், 14416. ஜோசியரைப்போல ஜாதகம் கேட்கமாட்டார்கள், தட்சணையும் கேட்கமாட்டார்கள்.

கே: மறுபடியும் நான்தான், தகரச் சத்தம். இப்போது நான் என்ன செய்யட்டும்?
(வாசகி, மன்னவனூர்)

ப: அறிவுரை மட்டும் வேண்டாம், அதை ஊரே கொடுத்து முடித்தாயிற்று. பூண்டு ஆயும்போது பையனைத் திண்ணையில் உங்கள் பக்கம் உட்காரவையுங்கள். அவன் அம்மா அரைமணி நேரம் வெந்நீரில் நிதானமாகக் குளித்து வரட்டும். பூண்டைப் பூராவும் இறைத்துவிட்டால்? கொடைக்கானல் மலைப்பூண்டு 2019-இலேயே புவிசார் குறியீடு வாங்கியது. கீழே விழுந்து பொறுக்கினாலும் அதன் அந்தஸ்து குறையாது. உங்களுடையதும்தான்!