ஓடாவி கூலி

வல்வெட்டித்துறையில் இன்று கையில் வித்தை உள்ளவனைக் காண வேண்டுமென்றால் தைப்பொங்கல் வரை பொறுத்திருக்க வேண்டும். அன்றுதான் உதயசூரியன் கடற்கரையில் பட்டப் போட்டி. மூங்கிலைச் சீவி, வளைத்து, ஒரு பக்கம் துளி பாரம் கூடினாலும் தலைகுப்புற விழும் என்று கையாலேயே நிறுத்துப் பார்த்து, விமானமும் மீனும் கப்பலுமாக வானத்தில் ஏற்றிவிடுகிற பெடியங்களை அண்ணாந்து பார்க்கும்போது எனக்கு ஒரு விசர் யோசனை வரும். இவங்களின் பாட்டன்மார் இதே கரையில், இதே கண்ணளவில், இலுப்பையிலும் வேம்பிலும் கப்பலே கட்டினார்கள். கப்பல் கட்டினவனுக்கு நாட்கூலி. பட்டம் கட்டுகிறவனுக்கு மேடை, மாலை, பரிசு. முன்னேற்றம் இல்லை என்று யார் சொன்னது?

நான் பிறந்தபோது பெரிய பாய்க்கப்பல்களின் காலம் முடிகிற தறுவாய். ஆனாலும் கரையில் வத்தையும் வள்ளமும் கட்டுகிற ஓடாவிகள் இருந்தார்கள். பள்ளிக்கூடம் விட்டால் நேரே அங்கேதான். கடதாசியில் வரைபடம் கிடையாது. அடிமரமான ஏராவைக் கிடத்தி, அதற்கு மேல் விலாக்கட்டைகளான வங்குகளை நிறுத்தி, தள்ளி நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்து, "அணியப் பக்கம் ஒரு விரல் உள்ளுக்கு வரட்டும்" என்பார் ஓடாவியார். ஒரு விரல் என்றால் அவருடைய விரல். அது மற்றவர்களின் விரலைவிடப் பெரிது. பலகை இடுக்கில் பஞ்சுத் திரியைச் செருகிக் கலப்பற்று அடிக்கும்போது சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருப்பார். திரி சரியாக இறுகிவிட்டால் உளியின் ஒலி மாறும். எனக்கு எல்லாம் ஒரே 'டொக் டொக்' தான். பக்கத்தில் குங்கிலியம் காய்கிற மணம். அந்த மணத்துக்காகவே வீட்டில் பல நாள் அடி வாங்கியிருக்கிறேன், சட்டையில் ஒட்டிய குங்கிலியம் சவர்க்காரத்துக்குப் போகாது.

பெரிய கப்பல்களைப் பற்றிப் பாட்டியிடம் கேட்டதுதான். புகையிலை போனது, ரங்கூன் அரிசி வந்தது, தேக்கு வந்தது, கொச்சி ஓடு வந்தது. கப்பலோட்டிய பணத்தில் திருமேனியார் வெங்கடாசலம்பிள்ளை எழுப்பிய சிவன் கோயில் இன்றும் நிற்கிறது. அன்னபூரணி அம்மாள் கப்பலின் கதையைச் சொல்லிப் பாட்டிக்கு அலுக்காது. எனக்குக் கேட்டு அலுத்ததுண்டு, இப்போது நானே சொல்லிக்கொண்டு திரிகிறேன். அது இந்த ஊரில் கட்டின 89 அடிக் கப்பல். உலகத்தைப் பாய்ப்படகில் சுற்றி வந்த வில்லியம் அல்பேட் றொபின்சன் என்ற அமெரிக்கர் அதை வாங்கி, தன் மனைவியின் பேரை வைத்து 'புளோரன்ஸ் சி. றொபின்சன்' ஆக்கினார். தண்டையல் தம்பிப்பிள்ளையும் நம்மூர் மாலுமிகளும் செங்கடல், மத்தியதரைக் கடல், அத்திலாந்திக் எல்லாம் தாண்டி 1938 ஆகஸ்டில் மசாசூசெட்சில் குளொஸ்டர் துறைமுகத்தில் கொண்டுபோய் விட்டார்கள். அன்னபூரணியைப் புளோரன்ஸ் ஆக்கியதில் பாட்டிக்குக் கடைசி வரை கோபம். வாங்கினவர் பேர் தெரியும், அவர் மனைவி பேர் தெரியும், ஓட்டினவர் பேர் தெரியும். பலகை சீவினவர்கள் எத்தனை பேர், அவர்களுக்கு என்ன கொடுத்தார்கள் என்று கேட்டால் பாட்டி வெற்றிலையை மென்றுகொண்டு கடலைப் பார்ப்பாள்.

இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டதற்கு வாசிகசாலைதான் காரணம். பருத்தித்துறைத் தொகுதி 1956 இல் பொதுவுடைமைக் கட்சியின் பொன். கந்தையாவைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மண் அல்லவா, எங்கள் பக்கத்தில் மீசை முளைக்கும் முன்பே மார்க்ஸ் முளைத்துவிடுவார். இருபது வயதில் நானும் சிவப்புச் சட்டை ஒன்று தைப்பித்து, உபரி மதிப்பு என்றால் என்னவென்று சொல்லிக்கொடுக்க ஓடாவியாரிடம் போனேன். மீன் பிடித்தால் படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு. அந்தப் படகைக் கட்டினவனுக்கு ஏன் பங்கில்லை? முக்கால் மணித்தியாலம் பேசியிருப்பேன். அவர் வேலையை நிறுத்தாமலே கேட்டார். பிறகு, "தம்பி சொல்லுறது முழுக்கச் சரி. ஆனால் நீ பிடிச்சுக்கொண்டு நிக்கிற உளியிலை கூர் உன்ரை பக்கம் கிடக்கு, கையைக் கவனம்" என்றார்.

அந்த வருசந்தான், 1970 இல், நிதியமைச்சர் என்.எம். பெரேரா 50 ரூபாய், 100 ரூபாய்த் தாள்களைச் செல்லாது என்று அறிவித்தார். இறக்குமதிக் கட்டுப்பாடு இறுக இறுக, அக்கரைக்கும் இக்கரைக்கும் இரவோடு இரவாகப் போய் வந்த வள்ளங்களால் எங்கள் ஊரில் சில வீடுகள் திடீரென்று மாடி ஏறியிருந்த காலம். பதுக்கினவன் ஒழிந்தான் என்று வாசிகசாலையில் நாங்கள் பிளேன்ரீ குடித்துக் கொண்டாடினோம். பதுக்கினவர்களுக்கோ எப்படியோ வழி கிடைத்தது. எங்கள் ஒழுங்கையில் தலையில் கைவைத்து இருந்தது, மகளின் சீதனத்துக்காகச் சீட்டுக்காசைப் பெட்டியடியில் மடித்து வைத்திருந்த ஒரு மனுசி. ஓடாவியார் மட்டும் சிரித்தார்; 100 ரூபாய்த் தாள் அவர் பெட்டிக்குள் ஒரு நாளும் படுத்ததில்லை.

அந்தக் கடத்தல் பணத்தை அப்படியே பழிக்கவும் எனக்கு வாய் வராது. கோயில் திருவிழா அதில் நடந்தது, ஏழைப் பெடியனின் பள்ளிக்கூடச் செலவு அதில் போனது, ஓடாவிக்கும் அவசர அவசரமாக வேகவள்ளம் கட்டுகிற வேலை கிடைத்தது. ஆனால் ஓரிரவில் ஒரு மாதக் கூலியைக் கண்ட பெடியன், மரத்தோடு ஏழு வருசம் மாரடிக்க வருவானா? சுங்கக்காரன் கடலில் கோடு போட்டுப் பாய்க்கப்பலை முடித்தான். 1977 இல் இறக்குமதியைத் திறந்துவிட்டு ஜே.ஆர். ஜெயவர்த்தன கடத்தலின் ருசியைக் கெடுத்தார். இரண்டும் நாட்டின் நன்மைக்காகத்தான்.

அதற்குப் பிறகு யுத்தம். கடலுக்குப் போகத் தடை, எஞ்சினின் குதிரைவலுவுக்குத் தடை, 1987 இல் வடமராட்சி நடவடிக்கை, ஊரே இடம்பெயர்ந்தது. பைபர் படகு அதற்கு முன்பே வந்துவிட்டது. நோர்வே உதவியோடு காரைநகரில் சீநோர் நிறுவனம் தொடங்கிவைத்த வேலை. சுனாமிக்குப் பிறகு தொண்டு நிறுவனங்கள் கொண்டுவந்து தந்தவையும் பைபரே. பாரமில்லை, உளுக்காது, வருசா வருசம் கலப்பற்று வேண்டாம். கடலுக்குப் போகிறவனைக் கேட்டால் கையெடுத்துக் கும்பிடுவான். கரையில் குந்தியிருந்து குங்கிலிய மணத்துக்கு ஏங்குகிறவன் கடலுக்குப் போகாத என்னைப் போன்றவன்தான்.

இப்போது காசு கடலால் வருவதில்லை, வங்கியால் வருகிறது: ரொறன்ரோ, லண்டன், சூரிச். பூட்டிக் கிடக்கிற மாளிகைகளுக்கு மாபிள் பதிக்க வெளியூரிலிருந்து ஆள் வருகிறது; கதவும் நிலையும் கடையிலிருந்து முழுசாக வந்து இறங்குகின்றன. நீதி நியாய விவாதம் வாசிகசாலையை விட்டு வட்ஸ்அப்புக்குக் குடிபோய்விட்டது. வெளிநாட்டில் குழாய் திருத்த வந்தவனுக்கு மணித்தியாலக் கணக்கில் டொலர் கொடுத்து, கோப்பியும் கொடுத்து, கதவுவரை போய் வழியனுப்புகிற எங்கள் ஆள், இங்கே ஊர்த் தச்சன் நாட்கூலி கேட்டதும், "உவங்களுக்குக் கொழுப்பு" என்று எழுதுகிறார். கீழே முப்பது பேர் கட்டைவிரல் தூக்குகிறார்கள். சிவப்புச் சட்டைக்காரன் என்ன செய்தான் என்று கேட்பீர்கள். போன மாதம் என் வீட்டுப் படலையைத் திருத்த வந்தவரிடம் நானும் பேரம் பேசினேன். அவரும் இறங்கி வந்தார். படலை இன்னும் நிலத்தில் உரசுகிறது.

பாட்டி விடை சொல்லாத அந்த ஒரு கேள்விக்கு மட்டும் எனக்கு இன்னும் விடை வேண்டும். பெரிய கப்பல்களுக்கெல்லாம் செலவுக் கணக்கு எழுதினார்கள்: மரத்துக்கு எவ்வளவு, ஆணிக்கு எவ்வளவு, பாய்ச்சீலைக்கு எவ்வளவு என்று. பல கொப்பிகள் வீடுகளோடு எரிந்தன. சில தப்பி, புலம்பெயர்ந்த பிள்ளைகளின் பெட்டிகளுக்குள் ஆச்சியின் காப்புச்சீட்டோடும் காணி உறுதியோடும் போயிருக்கும். உங்கள் வீட்டு நிலவறையில் அப்படி ஒன்று கிடந்தால் பழங்கடதாசி என்று எறிந்துவிடாதீர்கள். ஓடாவி கூலி என்று ஒரு வரி இருக்கும், ஆட்களின் பேரும் எழுதியிருக்கும். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து ஊருக்கு அனுப்புங்கள்.