கேள்வி பதில்: முதுநகரிலிருந்து பேரவைக்கு

பெண்ணாடம் வாசகர்: எங்கள் ஊர் மெய்கண்டாரைத் தந்தது. சட்டமன்றத்துக்குப் போய்ப் பெயர் வாங்கிய பெண் யாரையாவது எங்கள் மாவட்டம் தந்திருக்கிறதா?

தந்திருக்கிறது. கடலூர் அஞ்சலை அம்மாள். 1890இல் முதுநகரில் பிறந்தவர். பெண்ணாடமும் கடலூரும் அன்று ஒரே தென்னார்க்காடு மாவட்டம். 1921இல் ஒத்துழையாமை இயக்கத்தில் இறங்கினார். 1937இல் சென்னை மாகாணச் சட்டப்பேரவைக்குப் போனார். 1946இல் மறுபடியும் போனார். மெய்கண்டாரின் சிவஞானபோதத்தில் உள்ள பன்னிரண்டு சூத்திரங்களைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஊர், இந்த இரண்டு ஆண்டுகளையும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

விருத்தாசலம் கல்லூரி மாணவி: ஐந்தாம் வகுப்புதான் படித்தாராமே! பேரவைக்குப் போக அவருக்கு என்ன தகுதி?

சிறை. அதைவிடப் பெரிய பட்டம் அந்தக் காலத்தில் இல்லை. 1857 கிளர்ச்சியின்போது ஊர் ஊராக மக்களைத் தூக்கில் போட்ட தளபதி நீல் என்பவனுக்குச் சென்னை மவுண்ட் ரோட்டில் சிலை வைத்திருந்தார்கள். 1927இல் அதை அகற்றச் சொல்லிப் போராட்டம் நடந்தது. அஞ்சலை அம்மாள் தனியாகப் போகவில்லை. சிறுமியாக இருந்த மகள் அம்மாக்கண்ணுவையும் கூட்டிக்கொண்டு போனார். தாயும் மகளும் தண்டனை பெற்றார்கள். அந்தப் பெண்ணுக்கு லீலாவதி என்று பெயர் வைத்து வார்தா ஆசிரமத்துக்கு அழைத்துப் போனவர் காந்தி.

பத்து ஆண்டு கழித்து, அஞ்சலை அம்மாள் உறுப்பினராக இருந்த அதே 1937இல், ராஜாஜி அமைச்சரவை அந்தச் சிலையைச் சாலையிலிருந்து எடுத்து அருங்காட்சியகத்துக்கு அனுப்பியது. தெருவில் நின்று கேட்டதை ஆட்சிக்கு வந்ததும் செய்துகாட்டினார்கள். தேர்தல் வாக்குறுதி என்றால் என்ன என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

திட்டக்குடி வாசகி: கர்ப்பிணியாக இருந்தபோதும் சிறைக்குப் போனார் என்பது உண்மையா?

உண்மை. வேலூர்ச் சிறை. பிரசவத்துக்கு வெளியே விட்டார்கள். பிள்ளை பிறந்து இரண்டு வாரத்துக்குள் மறுபடியும் உள்ளே போனார். அந்தப் பையனுக்கு வைத்த பெயர் ஜெயில் வீரன். பச்சை உடம்போடு சிறைக்கதவைத் தாண்டிய அந்த மனஉறுதியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனத்துப்போகிறது. கடலூருக்கு வந்த காந்தியைச் சந்திக்கக்கூடாது என்று அரசாங்கம் தடுத்தபோது, பர்தா போட்டுக் குதிரை வண்டியில் ஏறிப்போய்ச் சந்தித்தவர் அவர். தென்னாட்டு ஜான்சி ராணி என்று காந்தி சொன்னது சும்மா இல்லை.

புவனகிரி வாசகர்: போராட்டம் சரி. உறுப்பினராக மக்களுக்கு என்ன செய்தார்?

உங்கள் பக்கத்திலேயே இருக்கிறதே! தீர்த்தாம்பாளையம் குடிதண்ணீர் இல்லாமல் தவித்தது. வீராணம் வாய்க்காலிலிருந்து கிளை வெட்டித் தண்ணீர் கொண்டுவந்தார். அதற்கு அஞ்சலை வாய்க்கால் என்றே பெயர். விடுதலைக்குப் பிறகு தியாகிகள் பென்ஷனையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். குடும்பச் சொத்தை விற்றுப் போராட்டத்துக்குக் கொடுத்தவர்.

விருத்தாசலம் பீங்கான் பேட்டைத் தொழிலாளி: அச்சில் களிமண் ஊற்றி விளக்கும் பொம்மையும் செய்கிறோம். பெண்கள் சட்டமன்றத்துக்குப் போனால் எங்களுக்கு என்ன வந்துவிடப்போகிறது, அண்ணா?

களிமண் விலை, சூளைக்கு எரிபொருள், கூலி, வேலை செய்யும் இடத்தில் கழிப்பறை, பிள்ளையை விட்டுவிட்டு வர ஒரு இடம். முதல் மூன்றை யாரும் பேசுவார்கள். கடைசி இரண்டை, அது இல்லாமல் அவதிப்பட்டவர்தான் விடாமல் பேசுவார், தங்கச்சி.

நெய்வேலி வாசகர்: இன்றைக்குப் பெண் உறுப்பினர்கள் எவ்வளவோ பெருகிவிட்டார்களே!

கணக்கைப் பார்ப்போம். 1937இல் சென்னை மாகாணப் பேரவையில் 215 இடம்; பெண்களுக்கென்று ஒதுக்கியது 8. 2021 தேர்தலில் தமிழ்நாட்டில் 234 இடம். வென்ற பெண்கள் 12 பேர். எண்பத்து நான்கு ஆண்டில் கூடியது நான்கு! கடலூர் மக்களவைத் தொகுதியோ 1952 முதல் 2024 வரை ஒரு பெண்ணைக்கூட டெல்லிக்கு அனுப்பவில்லை. மூன்றில் ஒரு பங்கு ஒதுக்கும் சட்டத் திருத்தம் 2023இல் நிறைவேறியது. ஆனால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகுதான் அமல் என்று அந்தத் திருத்தத்திலேயே எழுதி வைத்தார்கள். எனக்கு இதில் கோபம் உண்டு. வேட்பாளர் பட்டியலில் பெண் பெயரை எழுத எந்தக் கட்சிக்கும் கணக்கெடுப்பு தேவையில்லை.

சிதம்பரம் வாசகி: வெளிநாட்டில் எப்படி?

ஒரு குட்டி நாட்டைச் சொல்கிறேன். மால்டா, பரப்பில் கடலூர் மாவட்டத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத தீவு நாடு. அகதா பார்பரா என்ற பள்ளி ஆசிரியை 1947இல் அங்கே முதல் பெண் உறுப்பினர் ஆனார். 1955இல் கல்வி அமைச்சர். 1982இல் குடியரசுத் தலைவர். நடுவில் 1958 போராட்டத்துக்காகச் சிறைக்கும் போனார். அஞ்சலை அம்மாளைப் போலவே! ஆனால் ஒருவர் உயர்ந்தார் என்பதற்காகக் கூட்டம் பின்னால் வந்துவிடவில்லை. ஆகவே அங்கே சட்டம் போட்டார்கள். 2022 தேர்தலில் பெண்கள் குறைவாக வரவே, கூடுதலாக 12 பெண்களுக்கு இடம் கொடுத்தார்கள். மொத்த அவை 79 ஆனது. ஆண்கள் யாருடைய நாற்காலியும் பறிபோகவில்லை.

பெண்ணாடம் வாசகி: உள்ளாட்சியில் பாதி இடம் எங்களுக்குத்தான். ஆனால் பெண் கவுன்சிலர் கையெழுத்து மட்டும் போடுகிறார், பேச்செல்லாம் வீட்டுக்காரர்தான். இதற்கு என்ன வழி?

மன்றக் கூட்டத்தில் பேசும் உரிமை ஓட்டு வாங்கி ஜெயித்தவருக்கு மட்டும். அஞ்சலை அம்மாளின் கணவர் முருகப்பா போராட்டத்தில் மனைவிக்குத் துணையாக நின்றவர். உறுப்பினராக இருந்தவர் அஞ்சலை அம்மாள்தான். உங்கள் வார்டு கவுன்சிலர் வீட்டுக்கு நாலு பெண்களாகச் சேர்ந்து போங்கள். மன்றப் பொருளைக் கூட்டத்துக்கு முந்தின நாளே உட்கார்ந்து அவரோடு படியுங்கள். உங்கள் தெருக் குழாயைப் பற்றி ஒரே ஒரு கேள்வியை அவர் வாயால் கேட்கச் சொல்லுங்கள். அடுத்த கூட்டத்தில் இரண்டு கேட்பார்.