32,000 டாலர் சாய்வு

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத் தலைநகர் சார்ல்ஸ்டன். காஸ் கில்பர்ட் வடிவமைத்து 1932இல் திறப்பு விழா கண்ட அரசு மாளிகையில், மாநில உச்ச நீதிமன்றத்தின் ஓர் அறை. நள்ளிரவு. மனிதர்கள் இங்கே நடந்ததைப் பேசினால் பக்கத்தில் வக்கீல் வேண்டும். மரச்சாமான்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லை.

சோபா: பெரியவரே, தூங்கிட்டீங்களா?

மேசை: நீ வந்த நாளிலேர்ந்து இந்த அறையில யாருப்பா தூங்கினா?

சோபா: நீங்களும் குத்திக் காட்டறீங்க. சாய்ஞ்சு உட்காரத்தானே என்னை வாங்கினாங்க? விலை 32,000 டாலர், ஒத்துக்கறேன். ஆனா அறை முழுக்கச் செலவு 3,63,000. தரையில பதிச்சாங்களே மாநில வரைபடம், மாவட்டத்துக்கு ஒரு மரம்னு, அதுக்கு மட்டும் 7,500. இன்னொரு நீதிபதி டேவிஸ் அம்மா அறைக்கு அஞ்சு லட்சம். டிவியில வந்தது யாரு? நான்!

மேசை: உங்க ஐயா, நீதிபதி ஆலன் லாஃப்ரி, கொஞ்சம் யோசிச்சிருக்கணும்.

சோபா: அவரையா சொல்றீங்க? இந்த மாநிலத்து அரசியல் ஊழலைப் பத்தி 2006லயே தடிமனா புத்தகம் எழுதினவர்!

மேசை: அதுல ஒரு அத்தியாயம் பாக்கி இருந்துச்சு. 2013ல என்னை வண்டியில ஏத்தித் தன் வீட்டுக்குக் கொண்டுபோனாரே, அதுதான். நான் காஸ் கில்பர்ட் மேசை, அரசாங்கச் சொத்து. 2017ல டிவிக்காரங்க மோப்பம் பிடிச்சதும், ஆடிக்கு அழைச்சுட்டு வந்த பொண்ணு மாதிரி திரும்பக் கொண்டுவந்து விட்டாங்க.

சோபா: அதான் அவருக்கு 24 மாசம் சிறைன்னு தீர்ப்பாச்சே.

மேசை: அது உனக்காக இல்லை. அரசுக் காரைச் சொந்தக் காரியத்துக்கு ஓட்டினது, விசாரிக்க வந்த அதிகாரிகிட்ட பொய் சொன்னது, அந்த வகை. 2018 ஆகஸ்ட்ல மாநிலச் சட்டசபையோட கீழவை இங்கே இருந்த அஞ்சு பேர்ல நாலு நீதிபதிங்க மேல பதவிநீக்கத் தீர்மானம் போட்டுச்சே, உன் பேச்சு அடிபட்டது அங்கேதான். அஞ்சாவது ஆள் அதுக்கு முன்னாடியே ராஜினாமா. அவருக்கு அரசுக் கார்ல கோல்ஃப் ஆடப் போற பழக்கம்.

சோபா: அப்புறம் மேலவையில விசாரணை நடந்துதா?

மேசை: ஒருத்தரைக் கண்டிச்சு விட்டுட்டாங்க. இன்னொருத்தர் தற்காலிக நீதிபதிங்ககிட்ட போனாரு. நீதிபதியை இப்படி விசாரிக்கிறது அரசியல் சட்டத்துக்கு விரோதம்னு நீதிபதிங்களே தீர்ப்புச் சொன்னாங்க. கடையைக் கட்டியாச்சு.

சோபா: எல்லாம் என்னால. ஒரு சாய்வுக்கு இவ்வளவு ரகளை!

மேசை: சாய்வு என்ன உன்னோடயா வந்துச்சு? 2002ல கேப்பர்ட்டன்னு ஒரு நிலக்கரி வியாபாரி, மாஸி கம்பெனி தன் தொழிலை அழிச்சுடுச்சுன்னு போட்ட வழக்குல ஜெயிச்சாரு. 5 கோடி டாலர் கொடுக்கச் சொன்னுச்சு ஜூரி. அப்பீல் வந்தா இங்கேதான் வரணும். மாஸி தலைவர் டான் பிளாங்கென்ஷிப் அப்பீலுக்கு முன்னாடி காலண்டரைப் பார்த்தாரு. 2004ல இங்கே ஒரு நீதிபதி நாற்காலிக்குத் தேர்தல். பிரெண்ட் பெஞ்சமின்னு ஒரு வேட்பாளர். அவருக்கு நேரடியா 1,000 டாலர் கொடுத்தாரு, சட்டம் அப்ப அவ்வளவுதான் விட்டுச்சு. அப்புறம் ‘பிள்ளைகளின் நலனுக்காக’ன்னு பேர் வச்ச ஒரு அமைப்புக்கு ஏறத்தாழ 25 லட்சம். தன் பங்குக்குத் தனியா இன்னும் 5 லட்சத்துக்கு மேல.

சோபா: முப்பது லட்சமா! இருங்க... தொண்ணூத்து மூணு சோபா வாங்கி மிச்சத்துக்குத் தலையணையும் போடலாமே!

மேசை: பெஞ்சமின் ஜெயிச்சாரு. 2007ல ஜூரி தீர்ப்பு கவிழ்ந்துச்சு, 3க்கு 2. அந்த மூணுல அவரு ஒருத்தர். வழக்கை விட்டு விலகிக்கச் சொன்னாங்க, மாட்டேன்னாரு. எனக்குப் பாரபட்சம் இல்லைன்னாரு. இல்லாமலே இருந்திருக்கலாம், மனசுக்குள்ள எட்டிப் பார்க்க நான் என்ன இழுப்பறையா வச்சிருக்கேன்?

சோபா: கேட்பாரே இல்லையா?

மேசை: கேட்டாங்க. 2009ல வாஷிங்டன்ல இருக்கிற நாட்டோட உச்ச நீதிமன்றம், அவரு விலகியிருக்கணும்னு சொன்னுச்சு. அங்கேயும் 5க்கு 4தான். எதிர்த்து எழுதின தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் 40 கேள்வி கேட்டாரு. எவ்வளவு பணம்னா அதிகம்ங்கிறது முதல் கேள்வி.

சோபா: அப்ப கேப்பர்ட்டனுக்குப் பணம் கிடைச்சிருக்கும்!

மேசை: வேற நீதிபதியை உட்கார வச்சு மறுபடி விசாரிச்சாங்க. 4க்கு 1. மாஸிக்கே ஜெயம். ஒப்பந்தப்படி வழக்கை வேற மாநிலத்துல போட்டிருக்கணுமாம்.

சோபா: அந்த முப்பது லட்சத்துக்கு என் மாதிரி ஊர் சிரிக்கலையே?

மேசை: அதை எங்கே போய்ப் படம் எடுப்பாங்க? நீதான் கேமராவுக்கு வசதியா நீட்டிப் படுத்திருந்தே.

சோபா: சீர்திருத்தம்னு எதுவும் பண்ணலையா?

மேசை: ஏன் பண்ணலை? நீதிமன்றத்துப் பட்ஜெட்டுல சட்டசபை கைவைக்கலாம்னு 2018ல அரசியல் சட்டத்தையே திருத்தினாங்க. உன் மாதிரி இன்னொரு சோபா வரவிடாம பார்த்துப்பாங்க. அதுக்கு முன்னாடி 2015லயே, நீதிபதி தேர்தல் ஓட்டுச்சீட்டுலேர்ந்து கட்சிப் பேரை எடுத்துட்டாங்க.

சோபா: பணத்தை?

மேசை: அது ஓட்டுச்சீட்டுல எப்பவுமே இருந்ததில்லையேப்பா.